நிழல் விழுந்த பலகை

ராயபுரம் மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வானம் செய்து தருவதாக அடைக்கலமேரி ஒத்துக்கொண்டிருந்தாள். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மின்னும் பொடியை வார்னிஷில் குழைத்து, ஆளுயரப் பலகை முழுக்கப் பூசி, முற்றத்தில் சாய்த்துவைத்தாள். அந்தப் பொடி வெயிலைக் குடித்தால்தான் இருட்டில் ஒளிரும். நிழல் விழுந்த இடம் கறுத்தே கிடக்கும்.

சன்னல் சாத்திய அறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால், பச்சை வெளிச்சத்தின் நடுவே ஓர் ஆள் கறுப்பாக நின்றான்.

"எந்தக் கஸ்மாலம் வெயில மறைச்சிகினு நின்னுது?" என்று தெருவையே ஏசித் தீர்த்தாள்.

மறுநாள் துடைப்பத்தோடு பக்கத்திலேயே காவல் இருந்தாள். ஒரு காக்கைகூட வரவில்லை. உள்ளே தூக்கிவந்து பார்த்தாள். அதே ஆள். இடது தோள் சரிந்திருந்தது. அதில் மூட்டை தூக்கும் கொக்கி தொங்கியது. ஒருநாள் காலையில் கிளம்பிப்போய்த் திரும்பி வராத அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ், வேலைக்குப் போகும்போது மட்டும்தான் கொக்கியைத் தோளில் மாட்டுவான்.

"அன்னிக்கு அவன் ஹார்பருக்கே வர்ல, எவளோடயோ ஓடிட்டான்" என்று மூன்று மாதமாகச் சாதிக்கிறான், அவனை ஹார்பரில் வேலை வாங்கிய மேஸ்திரி.

அடைக்கலமேரி அழவில்லை. பலகையைக் கம்பளியில் சுற்றித் தலையில் ஏற்றினாள்.

"வாய்யா, அந்தப் பொறம்போக்கு வூட்டுக்குப் போவலாம். வந்தியா இல்லியான்னு நீயே அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு காட்டு."

தெருவில் இறங்கியதும் பலகை ஓர் ஆள் கனம் கனத்தது. அவள் நடையைக் குறைக்கவில்லை.