சிவப்பு டப்பா

"எதிர்க் கல்லூரிப் பசங்க தங்கியிருக்கிற விடுதிப் பக்கம் போய், அவங்க குப்பைத் தொட்டியைக் கிளறிட்டு வா" என்றார் கோச் ஹாகன்.

பனிச்சறுக்குப் பலகையின் அடியில் அன்றைய பனிக்கு ஏற்ற மெழுகைப் பூசினால்தான் பலகை நகரும். பயிற்சி முகாமின் முதல் பந்தயம் இன்று. தோற்கிற அணி வாரம் முழுக்க இரண்டு அணிகளுக்கும் பாத்திரம் கழுவ வேண்டும்.

அவர்கள் தொட்டியில் கிடந்த காலி மெழுகு டப்பா ஒன்றோடு திரும்பினேன்.

"சிவப்பா?" கோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பு மெழுகு பனி உருகுற நாளுக்குத்தானே, கோச்? வெளியே ஏரியே உறைஞ்சு கிடக்கு."

"போன வருஷ சாம்பியன்டா அவங்க. விவரமில்லாமலா பூசுவாங்க? எல்லாரும் சிவப்பே பூசுங்க."

நூறு மீட்டர் போவதற்குள் பலகையின் அடியில் நாலு விரற்கடைக்குப் பனி அப்பிக்கொண்டது. பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரே ஆறுதல், எதிரணியும் அப்படியேதான் நடந்து வந்தது.

"எல்லாம் உங்களால வந்த வினை" என்றான் அவர்களுடைய கேப்டன் எலியசன்.

"எங்களாலயா? உங்க தொட்டியில கிடந்த டப்பாவைப் பார்த்துத்தான்டா நாங்க பூசினோம்!"

"அது நேத்து உங்க தொட்டியிலேருந்து நாங்க பொறுக்கிட்டு வந்தது."

பந்தய முடிவுக் கோட்டில் நின்றிருந்த கோச்சிடம் போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியும். அவங்களை ஏமாத்த நான்தான் அதை நம்ம தொட்டியில போட்டு வெச்சேன்" என்றார். "சாம்பியன்களே பூசுறாங்கன்னதும், தெரியாத்தனமா சரியானதையே போட்டுட்டேனோன்னு நினைச்சுட்டேன்."