கோட்டுக்கு வெளியே நின்ற ஆள்

வெளியூரிலிருந்து வந்திருந்த மார்லாவுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. பல் டாக்டர் லொவெல் அவள் வாயில் பஞ்சை வைத்தபடியே பேசினார். கன்சாஸின் அந்தச் சிற்றூரில் அன்று எல்லோருக்கும் அதே பேச்சுதான். முந்தின நாள், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், பள்ளிகளின் இறுதி ஆட்டத்தில் ஊர் தோற்றிருந்தது. அவர் மகனும் அந்த அணியில் இருந்தான்.

“கடைசி நிமிஷம். எதிரணிப் பையன் பந்தை அணைச்சுக்கிட்டு ஓரக்கோட்டை ஒட்டியே ஓடறான். வெளிய நின்ன ஒரு ஆள் மேல நல்லா இடிச்சான். தூரத்துலேர்ந்தே பார்த்தேன்.”

“ம்ம்,” என்றாள் மார்லா.

“வெளிய நிக்கறவங்க மேல பட்டாலே அவுட், ஓட்டம் அங்கேயே நின்னுடணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கண்ணு தெரியாத நடுவர் விசிலே ஊதலீங்க. அவன் பாட்டுக்கு ஓடி ஜெயிச்சுட்டான். என் பையன் சாப்பிடவே இல்ல.”

மார்லா ஏதோ சொல்ல வந்தாள்.

“பேசாதீங்க, பஞ்சு நகரும். அந்த நடுவர் மட்டும் என் கையில சிக்கட்டும், மரத்துப்போற ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கிடறேன்.”

அவள் பஞ்சைத் தானே எடுத்துவிட்டாள்.

“டாக்டர், ஆட்டக்காரங்க மேலயோ நடுவர் மேலயோ பட்டா அவுட் கிடையாது. அவன் இடிச்சது நடுவரைத்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவன் ஹெல்மெட் இடிச்சுத்தான் இந்தப் பல் உடைஞ்சது.”

லொவெல் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“என் பையனுக்கு போன் போட்டுத் தரேன், நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டான். நேத்து அவுட்டு அவுட்டுன்னு ஊரைக் கூட்டினதே நான்தான்.”