பாதியில் எழுந்து போன ஓமா

பிரசங்கம் தொடங்கும்போது வாயில் போட்ட பெப்பர்மின்ட் கரைவதற்குள், ஊரே ஓமா, அதாவது டச்சு மொழியில் பாட்டி, என்று கூப்பிடும் தொண்ணூற்றாறு வயது ஃபெம்கே வியர்ஸ்மா எழுந்து சர்ச்சை விட்டு வெளியேறினார். மிச்சிகனில் அந்த டச்சு சபையில் பிரசங்கத்தின் நடுவே யாரும் எழுந்ததில்லை. மேடையில் நின்றது சபையின் முதல் பெண் போதகர் லினெட்.

மதியமே லினெட் போய்க் கதவைத் தட்டினாள்.

"பொம்பளை பிரசங்கம் பண்றது பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லக் கூடாதா ஓமா? சபை நடுவுலயா அவமானப்படுத்துவீங்க?"

"யாருடி பிடிக்கலைன்னது? ஹாலந்துலேர்ந்து கப்பல்ல வந்து இறங்கின நாள்லேர்ந்து, ஒரு பொண்ணு அந்த மேடையில ஏறணும்னு முழங்கால்ல நின்னு ஜெபிச்சவ நான்!"

"அப்புறம் என்ன கோபம்?"

"ஏறினவ என்ன பண்ணினே? ஒரு ஆம்பளை பேரைச் சொல்லிட்டு, புத்தகத்தைப் பார்த்து வாசிச்சே."

"உங்க வீட்டுக்காரர் பேர்தானே! போதகர் வியர்ஸ்மாவோட பிரசங்கப் புத்தகம் இல்லாத வீடு இங்க உண்டா? நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்."

ஓமா அலமாரியைத் திறந்து, பழுப்பேறிய நோட்டுகளை மேசைமேல் வீசினார். பக்கம் பக்கமாக அடித்தல், திருத்தல். கிறிஸ்துமஸ் வாழ்த்துகளில் லினெட் பார்த்துப் பழகிய ஓமாவின் கையெழுத்து.

"அத்தனையும் நான் எழுதினது. கர்த்தர் பேசினது என்கிட்ட. பேர் மட்டும் அந்த மனுஷனுக்கு!"

லினெட் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். "அடுத்த ஞாயிறு உங்க பேரைச் சொல்லிடறேன் ஓமா."

"சொல்லு, சத்தமா சொல்லு. சொல்லிட்டு, உன் சொந்தப் பிரசங்கத்தைப் பண்ணு. நல்லா இல்லைன்னா அதுக்கும் எழுந்து போவேன்."