மிராஃப்ளோரெஸ் கேமரா

பனாமா கால்வாயில், மிராஃப்ளோரெஸ் மதகுகளுக்கு நடுவே சுற்றுலாப் படகு நின்றதும் எனெய்தா கரையிலிருந்த கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள். கடல்கடந்து போன ஊர்ப்பிள்ளைகள் அது காட்டுவதை இணையத்தில் நேரலையாகப் பார்ப்பார்கள்.

"நீயும் ஆட்டுடி. அண்ணன் வேலை பாக்குற கப்பல்லேருந்து பாப்பான்."

மகள் யாரிபெத் செல்போனைக் காதில் வைத்தாள். "இதோ லைன்லயே இருக்கான்மா. அந்தத் தொப்பியில நீ கோமாளி மாதிரி இருக்கியாம்!"

எனெய்தாவின் கை அப்படியே நின்றது.

"அவனா பேசுறான்?"

"ஆமாம்மா. விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

எனெய்தா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவன் செத்துட்டான்னு உனக்கும் சொல்லிட்டாங்களாடி? இன்னிக்கு ஒரு நாளாவது நீ எதுவும் தெரியாம சிரிச்சிட்டிருக்கணும்னுதானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்!"