நரம்பை எரித்த மறுநாள்

கணையப் புற்றுநோய் முற்றிய சூசை, வலி வரும்போதெல்லாம் மகள் பிலோமினாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேறு சாதிக்காரனைக் கட்டியதற்காக அவளைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்திய அதே கை. வலியில் அவருக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை.

“முதுகு வழியா ஊசி போட்டு, வலியைக் கடத்துற நரம்பை ஆல்கஹால் விட்டு எரிச்சிடலாம்” என்றார் டாக்டர்.

“அதுக்கப்புறம் பழையபடி பேசுவாரா?”

“நல்லாவே பேசுவாரும்மா.”

“அப்பப் போடுங்க.”

மறுநாள் சூசை வலியில்லாமல் கண் விழித்தார். பிடித்திருந்தது யார் கை என்று பார்த்ததும் உதறினார்.

“இவள யாரு உள்ள விட்டது?”

பிலோமினா எழுந்துபோய் அறைக்கதவைத் தாழிட்டாள்.

“வலியில முனகுற மனுஷன்கிட்ட என்னத்தக் கேக்கறது? இப்பக் கேக்கறேன். எந்திரிச்சு உக்காருங்கப்பா.”