நாலாவது ஆள்

மணி ஒன்றரை. நெய்ச்சோறு கூடத்தில் மூடியே இருக்கிறது. அதைச் சுற்றி மூன்று வெளிநாட்டுக்காரர்கள், கழுவிய கையைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நாலாவது ஆள் வரட்டும்" என்று சமையல்கட்டிலிருந்து சொன்னார் சுல்தான் பீவி மாமி. "சஹன்னா நாலு பேர். மூணு பேருக்குத் திறக்கிறது வழக்கமில்லை."

சஹன் என்பது பெரிய தாம்பாளம். எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு. சஹனைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. அதனால் இந்த மாடி வீட்டில் மாமி சொல்வதுதான் சட்டம்.

"நான் உட்காரட்டுமா மாமி?"

"நீ வேலைக்கு வந்தவன் பைசல். போய் அவரைக் கூட்டிட்டு வா."

காலையிலிருந்து ரங்கூன் லான்மடாவ் பேட்டை முழுக்க நடந்திருக்கிறேன். பள்ளிவாசல், மசாலாக் கடை, பழைய கிட்டங்கி, மறுபடி ஒரு பள்ளிவாசல். 'ரங்கூன் தமிழ் முஸ்லிம்கள்: உணவும் வரலாறும் ஒரே நாளில்' என்று இந்த டூருக்குப் பெயர் வைத்தவர் முதலாளி இப்ராஹிம் பாய். நடப்பது நான். பத்தாவதில் ஃபெயிலாகி, இனிப் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இந்த வேலைக்கு வந்து பத்து நாள். இது இரண்டாவது குழு. போன குழுவிலும் மூன்று பேர்தான். அன்றைக்கும் இதே கூத்து.

நாலாவது ஆள் ஷம்சுதீன் சாச்சா. எழுபது வயது. மாமிக்குச் சொந்தமும் இல்லை, டூருக்குச் சம்பந்தமும் இல்லை. சோற்றுக்கு வருவார், போவார். யாரோ ஒரு கிழவர் எங்கள் தட்டில் கை வைத்தார் என்று போன குழு புகார் எழுதிவிட்டது. இப்ராஹிம் பாய் காலையிலேயே சொல்லிவிட்டார். இன்றோடு சரி, சாப்பிட்டு முடித்ததும் இனி வர வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நானும் வர வேண்டாம்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான்.

சாச்சா முக்கு டீக்கடையில் இருந்தார். அங்கே வெறும் தேயிலைத் தண்ணீர் சும்மா கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு யாரோ விட்டுப் போன பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். நிமிரவே இல்லை.

"வேற ஆள் கிடைக்கலையா?"

"இல்லை சாச்சா."

"எனக்கு வேலை இருக்கே."

என்ன வேலை என்று கேட்க வாய் வரை வந்தது. மாமி வீட்டில் மூன்று பேர் பசியோடு காத்திருந்தார்கள்.

"சரி. சுல்தான் பீவி வீட்டு வழக்கம் கெட்டுப் போகக் கூடாது" என்று பேப்பரை மடித்தார். எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி முன்னால் நடந்தார்.

சஹன் திறந்தது. சாச்சா குனிந்தபடியே சாப்பிட்டார். மாமி இரண்டாவது முறை சோறு அனுப்பிய பிறகுதான் தலை நிமிர்ந்தது.

விருந்தாளிகளில் மூத்தவர் நபீல், இந்தத் தெருவில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். சாச்சா ஒரு குடைக்கடையைப் பற்றிச் சொன்னார். எந்த அலமாரியில் எந்த நிறம், மழை பிடித்த முதல் நாள் வரிசை எந்த முக்கு வரை நிற்கும், பர்மாவில் நோட்டு செல்லாமல் போன வருஷம் கடை எப்படி மூடியது. நான் அலுப்போடு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன். யாருடைய கடை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. சாச்சா முதலில் எழுந்து கீழே போனார். நான் பின்னாலேயே இறங்கினேன். படியில் நபீல் என்னை நிறுத்தினார்.

"சஹனுக்கு எத்தனை பேர் என்றாய்?"

"நாலு. அதுதான் வழக்கம்."

"போன மாதம் என் சிநேகிதன் இங்கே வந்தான். அவனிடம் ஐந்து என்றார்களாம்."

"அவங்க எத்தனை பேர் வந்தாங்க?"

"நாலு பேர்."

விரல் விட்டு எண்ணினேன். மூன்று பேர் வந்தால் நாலு, நாலு பேர் வந்தால் ஐந்து.

நபீல் லெபனான் மலைக்காரர். துரூஸ் என்று ஒரு சின்னச் சமூகம். அவரும் அங்கே என் வேலைதான் செய்கிறாராம். வெளியூர்க்காரர்களை ஒரு நாள் முழுக்கத் தன் ஊரில் நடத்தி, ரொட்டி சுடுவதைக் காட்டி, வரலாறு சொல்லி, வழிபாட்டு வீட்டை வெளியிலிருந்தே காட்டிவிட்டு, கடைசியில் மாத்தே என்று ஒரு கசப்புத் தேநீர். எல்லோருக்கும் ஒரே குவளை.

"கீழ்வீட்டு சலீம் வந்து ஊற்றாமல் குடிக்கக் கூடாது, அது துரூஸ் வழக்கம் என்று சொல்வேன்" என்றார்.

"நிஜமாவே அப்படி வழக்கமா?"

"சும்மா காசு கொடுத்தால் சலீம் வாங்க மாட்டான்."

கீழே வாசலில் சாச்சா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "புதன்கிழமை எனக்கு வேலை இருக்கு. வேற ஆளைப் பாத்துக்க" என்றார்.

இப்ராஹிம் பாய் சொல்லச் சொன்னதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. 'சரி' என்று ஒரு வார்த்தை போதும்.

"புதன்கிழமை ரெண்டு பேர்தான் வர்றாங்க சாச்சா" என்றேன். "சஹன்னா மூணு பேர். வழக்கத்தை மாத்த முடியாது."