மூன்றாவது இன்ஜெக்டர்

"வண்டியோட டீசல் பம்பு போச்சு மாமா. ஏதென்ஸ்ல இருந்து வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றான் ஸீஸிஸ், மறுபடியும்.

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

"இந்த மாசமும் அதேதான் மாமா."

எங்கள் ஊருக்கு ஸீஸிஸ் ஒருவன்தான் மெக்கானிக். அவன் அப்பன் ஒரு கோடையில் என் பருத்திக்கு வரவேண்டிய தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியவன். அப்பன் செத்துப்போனான். நான் மறக்கவில்லை.

என் பிக்கப் வண்டி கிளம்பும்போதே நடுங்கியது. தடதடவென்று தட்டியது. வாசல் மேட்டைக்கூட ஏறமாட்டேன் என்றது. பருத்தி வெடிக்கும் நேரம். வண்டி இல்லாவிட்டால் நான் வயலுக்குப் போக மருமகன் காரின் பின் சீட்டில், சந்தைக்குப் போகிற கோழி மாதிரி உட்கார வேண்டும். அதற்குப் படுத்துச் செத்துப்போகலாம்.

காப்பிக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ஸீஸிஸுக்கு டீசல் வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சைக்கிளுக்குக் காத்தடிக்கத்தான் லாயக்கு."

"விடு வாயோஸ், நல்ல பையன்" என்றான் கடைக்கார ஆர்கிரிஸ்.

"நல்ல பையன்னா சர்ச்சுல போய் மணி அடிக்கட்டும்."

சிரித்தார்கள். அதற்கப்புறம் சிலர் தங்கள் வண்டிகளை கார்டிட்சா நகரத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸீஸிஸ் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் உள்ளவன் எப்படிக் கேட்பான்?

ஞாயிற்றுக்கிழமை காலை நானே வேலையில் இறங்கினேன்.

"அசிமீனா! புகை என்ன நிறம்?" ஆக்சிலரேட்டரை மிதித்தபடி உள்ளே இருந்து கத்தினேன்.

"வெள்ளை! வீடே நாறுது, நிறுத்துய்யா!" என்றாள் என் மனைவி.

வெள்ளைப் புகை. எரியாத டீசல் நாற்றம். பம்பு போயிருந்தால் நாலு சிலிண்டரும் சேர்ந்து படுத்திருக்கும். இங்கே ஒன்றுதான் நொண்டுகிறது. எது?

ஸ்பேனரை எடுத்தேன். இந்த இன்ஜினில் என் விரல்களுக்கு வழி தெரியும். ஓடும்போதே, முதல் சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் குழாய் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. அப்படியென்றால் அது இவ்வளவு நேரம் உழைத்துக்கொண்டிருந்தது. இறுக்கினேன். அடுத்ததைத் தளர்த்தினேன். அப்போதும் சத்தம் இறங்கியது. மூன்றாவதைத் தளர்த்தினேன்.

சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்தவனை மறுபடி கொல்ல முடியுமா?

"மூணாவது! மூணாவது இன்ஜெக்டர்தான்!"

"கத்தாதய்யா. ஸீஸிஸைக் கூப்பிட்டுச் சொல்லு, அவன் பார்ப்பான்."

"அவனுக்குக் காதுன்னு ஒண்ணு இருந்தா அன்னைக்கே கேட்டிருக்கும்."

கொட்டகையில் என் பழைய வண்டி கிடக்கிறது. அதிலிருந்து ஒரு இன்ஜெக்டரைக் கழற்றி வந்து மாட்டினேன். குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

நடுக்கம் இல்லை. தட்டல் இல்லை. வயிறு நிறைந்த பூனை மாதிரி கர்ரென்று ஓடியது.

அசிமீனா ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கய்யா கிளம்பிட்ட? வேண்டாம். சொன்னாக் கேளு."

"விடுடீ. அவன் மூஞ்சியை இப்ப நான் பார்க்கணும்."

ஹாரனை அமுக்கியபடியே ஊர்ச் சதுக்கத்துக்குள் நுழைந்தேன். பூசை முடிந்து காப்பிக் கடை நிரம்பியிருக்கும் நேரம். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்! "வாயோஸ்! வாயோஸ்!" என்று என் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். எங்கேயோ கண்ணாடி டம்ளர்கள் விழுந்து உடைந்தன. கல்யாண வீட்டில்தான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஸீஸிஸின் பட்டறைமுன் நிறுத்திவிட்டு இறங்கினேன். இன்ஜினை அணைக்கவில்லை. ஓடட்டும், எல்லோரும் கேட்கட்டும். கூட்டம் பின்னாலேயே ஓடிவந்தது.

பட்டறைக் கதவோரம், எப்போதும் போடும் அந்த நீல வேலை உடுப்பில், தலையைத் தொங்கப்போட்டு நின்றான் ஸீஸிஸ்.

"பம்பு போச்சா? ஏதென்ஸ்ல இருந்து வரணுமா? கேளுடா, காதைக் கொடுத்துக் கேளு! மூணாவது இன்ஜெக்டர்! ஒரு ஸ்பேனர், ஒரு கிழவன், வேற ஒண்ணும் வேணாம்! உங்கப்பன் என் தண்ணியைத் திருடினான். நீ என் வண்டியையே முடக்கப் பார்த்தே!"

தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. எத்தனை வருஷமாக நான் காத்திருந்த நேரம்! ஜெயித்தவன் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? கையை நீட்டினேன்.

"போகட்டும். தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மன்னிச்சுடறேன்."

என் தோளில் ஒரு கை விழுந்தது. பின்னாலிருந்து.

"நான் இங்க இருக்கேன் மாமா" என்றது ஸீஸிஸின் குரல், மெதுவாக. "அது கதவுல காயற என் உடுப்பு. மூணாவது இன்ஜெக்டர்னு எனக்கும் முதல் நாளே தெரியும். உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு நான் ஊர்ல சொல்றதைவிட, எனக்கு வேலை தெரியலைன்னு நீங்க சொல்றதே மேல்னு இருந்துட்டேன்."